பரியப் புளியும் பின்னறைப் புடவைகளும்

1

"கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்குங்கள்" என்றார் எங்கள் கணக்கர் ஷா. எனக்குத் தூக்கத்துக்கு என்றுமே குறை இருந்ததில்லை. அதனால் அந்தப் பாதி என்னிடம் எடுபடவில்லை. கையெழுத்து என்ற பாதியைக் கேட்டதும் எரிச்சல்தான் வந்தது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், தோல் பதனிடுகிற ஒரு ஊரில் இருக்கிறோம். என் கணவர் வாணியம்பாடியில் தோல் வேலை கற்றவர். ஏழு கடல் தாண்டி வந்தும் அதே நாற்றத்தில்தான் சம்பளம். நான் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் பருப்பு, புளி, மிளகாய். பக்கச் சுவரில் புடவைகள். பின்னால் ஓர் அறை. பருப்புக்கு இங்கே வரி இல்லை. புடவைக்கு உண்டு, அதற்கு வாட் என்று பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும். கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் வரி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நடுத்தர வயது, இன்னொருவர் இளைஞர். நல்ல மரியாதைக்காரர்கள். நான் கொடுத்த டீக்கு நன்றி சொன்னார்கள், குடிக்கவில்லை. கணக்குப் புத்தகங்களைப் பார்த்தார்கள். பிறகு பின்னறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் உறைகளில் பட்டுப் புடவைகள் அடுக்கி இருந்தன. அவற்றில் ஒன்றுகூட என் கொள்முதல் கணக்கில் இல்லை.

"இவை யாருடையவை?" என்று பெரியவர் கேட்டார்.

"என்னுடையவை இல்லை" என்றேன்.

"அப்படியானால் யாருடையவை?"

நான் ஆறிப்போன டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டேன். அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து நிறத்தையும் கரையையும் எழுதிக்கொண்டார்கள். ஒரு புடவையின் நிறத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் இளைஞர் திணறினார். மயில் கழுத்து என்பதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொன்னேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். சிரிக்கிற நிலையில் நான் இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பின்னறையில் சரக்கை மறைத்து வைத்து வருஷக்கணக்காகக் கணக்கில்லாமல் விற்றிருக்கிறேன் என்று சந்தேகமாம். விட்டுப்போன வரி, அதன்மேல் நேர்மைக் குறைவுக்கு அபராதம். கடையை விற்றாலும் மிச்சம் நிற்காத தொகை. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அபராதத்தை நன்றாகக் குறைப்பார்கள், கடை தப்பிக்கும் என்பது ஷாவின் யோசனை.

கடிதத்தை எனக்குப் படித்துச் சொன்னது என் மகள் சுமதி. பள்ளியில் அவள் பெயர் சூ. "மம், சைன் பண்ணிடு. வெறும் ஸாரிதானே" என்றாள்.

"அது என்னுது இல்லியேடி" என்றேன்.

"ஸோ?" என்றாள். இந்த ஒற்றை எழுத்துக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

2

அந்தப் புடவைகள் எங்கிருந்து வந்தன என்று இப்போது சொல்லலாம். அப்போது சொல்ல முடியாது.

இந்த ஊரில் நம்மவர் பெண்கள் பலர் பேக்டரியில் காலுறை மடிக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறார்கள், வீட்டில் தையல் மெஷின் மிதிக்கிறார்கள். சம்பளக் கவர் வீட்டுக்குப் போனால் வீட்டுக் கடன், கார், ஊரில் நாத்தனார் கல்யாணம் என்று கரைந்துவிடும். அதனால் கவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து, ஊருக்குப் போகும்போது ஆசைப்பட்டு ஒரு பட்டு வாங்கி வருவார்கள். வீட்டில் வைத்தால் கேள்வி வரும். ஒருத்தியின் மாமியார் நல்ல புடவையைக் கண்டால் உடனே ஊரிலிருக்கும் மகளுக்குப் பார்சல் கட்டிவிடுவார். இன்னொருத்தி மகள் கல்யாணத்துக்கு என்று சேர்த்தாள், அந்த மகளோ ஜீன்ஸைக் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

முதலில் ஒருத்தி "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும் அக்கா" என்றாள். அதற்கப்புறம் அலமாரி தானாக நிறைந்தது. எனக்கு இதில் ஒரு பென்னி லாபம் கிடையாது. சனிக்கிழமை மதியம் கூட்டம் குறைந்ததும் யாராவது ஒருத்தி பின்னறைக்குப் போய் உறையைப் பிரித்துத் தடவிப் பார்த்துவிட்டு, முகம் கழுவினவள் போல வெளியே வருவாள். நான் கல்லாவில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்ப்பேன்.

வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் வளர்ந்த வீடு அப்படி.

3

என் அப்பாவுக்கு, எங்கள் வழக்கில் நைனாவுக்கு, ஆலங்காயத்தில் புளி மண்டி. எழுபதுகளின் நடுப்பகுதி அது. பதுக்கல் என்ற சொல் ரேடியோவில் தினமும் வந்துகொண்டிருந்த காலம். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கல்யாணத்துக்கு முன்பு, மண்டியில் இங்கிலீஷ் காகிதம் வந்தால் படித்துச் சொல்கிற உத்தியோகத்தில் இருந்தேன். சம்பளம் கிடையாது, அதிகாரம் நிறைய.

மாசி, பங்குனியில் ஜவ்வாது மலையிலிருந்து புளி இறங்கும். கழுதை மேலும் தலைச்சுமையாகவும் கொண்டு வந்து, பஸ் ரோட்டுக்கு வந்ததும் பஸ்ஸின் தலையில் ஏற்றுவார்கள். விற்பனைக்கு வந்த புளி கிடங்கின் இடது பக்கம். வலது பக்கம் தனியாக ஒரு அடுக்கு இருக்கும். அதை நைனா எடை போட மாட்டார், தொடவும் விடமாட்டார். அதுதான் பரியப் புளி.

மலையில் மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுக்கும். பணம் கையில் நிற்காது, புளி நிற்கும் என்பதால் பரியத்தில் பெரும்பங்கு புளியாக இருக்கும். நிச்சயம் ஆனதும் அந்த மூட்டைகள் மாப்பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். தாலி கட்டும்வரை பெண் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது. நடுவில் வைக்க ஒரு மூன்றாவது இடம் வேண்டும். எங்கள் மண்டிக்கு வந்துபோன நாலைந்து ஊர்களுக்கு அந்த மூன்றாவது இடம் நைனாவின் கிடங்கு. ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் இரண்டு கயிறு. ஒன்று மாப்பிள்ளை வீட்டார் கட்டினது, மற்றது பெண் வீட்டார் கட்டினது. மலை முழுக்க இந்த வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கிடங்கில் இருந்தது.

அந்த வருஷம் காவலூரைத் தாண்டி மேலே இருக்கும் ஒரு ஊரிலிருந்து சின்னக்கண்ணு என்பவர் தன் மகனுக்காகப் பரிய மூட்டைகளைக் கொண்டு வந்து வைத்தார். பெண் பக்கத்து ஊர், பெண்ணின் அப்பா பெயர் அண்ணாமலை. வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சேல்ஸ் டாக்ஸ் ஜீப் மண்டி வாசலில் நின்றது.

இடது பக்க அடுக்கு கணக்கோடு சரியாக இருந்தது. வலது பக்கத்தை அதிகாரி கைகாட்டினார். "இது இன்னா?"

"அது நம்முது இல்லீங்க. மலைக்காரங்க வெச்சிட்டுப் போனது" என்றார் நைனா.

அதிகாரிக்கு இந்தப் பதில் பழக்கமானது. எல்லா வியாபாரியும் சொல்வதுதான். ஆனாலும் நியாயமான மனிதர் அவர். ஆளை மலைக்கு அனுப்பி விசாரித்தார். சின்னக்கண்ணு "எங்களுது இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். அண்ணாமலையும் அதையே சொன்னார். கிடங்குக் கதவுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

4

நோட்டீஸை நான்தான் படித்தேன். கணக்கில் வராத கொள்முதல், வரி ஏய்ப்பு, லைசென்ஸ் நிறுத்தம். கடைசியில் ஒரு வழியும் போட்டிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு இணக்கக் கட்டணம் கட்டினால் வழக்கு அதோடு முடியும், கிடங்கும் திறக்கப்படும்.

கடைத்தெருவில் எல்லோரும் கட்டிவிடச் சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள். "வளையலை வெச்சிக் கட்டிடலாம். கோர்ட்டு கச்சேரின்னு அலைஞ்சா இருக்கிறதும் பூடும்."

நைனா சாதாரணமாக அம்மா பேச்சைத் தட்டாதவர். வீட்டில் உப்பு வாங்குவதற்கும் அவளிடம் கேட்பார். அன்று மட்டும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு என்னிடம் கேட்டார். "இன்னாம்மா போட்டிருக்கான், இன்னொரு வாட்டி படி. கையெழுத்து போட்டா நான் இன்னா சொன்னதா ஆவும்?"

"அந்தப் புளி உங்களுது, நீங்க வாங்கினதுன்னு ஆவும் நைனா."

"அவ்ளோதான். ஒருத்தன் பரியத்த என்னுதுன்னு எழுதிக் கொடுத்துட்டு, நாளைக்கு அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு போவேன்?"

"கல்யாணமே நின்னுடும் போலக் கீது, நீங்க போறதப் பத்திப் பேசறீங்க" என்றாள் அம்மா.

அது உண்மைதான். பரியம் சீலுக்குள் மாட்டிக்கொண்டது. அது வெளியே வராமல் கல்யாணம் நடக்காது. மறுநாள் காலை நைனாவும் நானும் வாணியம்பாடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வேலூருக்கு ஒரு பஸ் பிடித்து வக்கீலைத் தேடிப் போனோம்.

வக்கீல் தாமோதரம் வரி வழக்கு மட்டும் பார்ப்பவர். நெட்டையான ஆள், எப்போதும் ஏலக்காய் மெல்லுவார், யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். நைனா சொன்னதைப் பாதி கேட்டதுமே கையை உயர்த்தி நிறுத்தினார். "சரக்கு அடுத்தவங்களுது. அவங்க வந்து சொன்னா கேஸ் முடிஞ்சிது. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க."

"ஆபீசருக்கு அவங்களுது இல்லைன்னு சொல்லிட்டாங்க சார்" என்றேன் நான்.

"ஜீப்பைப் பாத்து பயந்திருப்பாங்க பாப்பா. நான் பக்கத்துல நின்னா சொல்லுவாங்க."

5

சொல்லவில்லை. வேலூரில் அதிகாரியின் அறையில் நடந்தது எனக்கு இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. சின்னக்கண்ணும் அண்ணாமலையும் வெளுத்த வேட்டி கட்டி, பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வக்கீல் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மண்டியில ரெண்டு கயிறு கட்டின மூட்டைங்க இருக்கே, அது உங்களுதுதானே?"

சின்னக்கண்ணு அண்ணாமலையை ஒருமுறை பார்த்தார். "எங்களுது இல்லீங்க."

வக்கீலுக்கு ஏலக்காய் புரையேறியது. அண்ணாமலை பக்கம் திரும்பினார். "அப்ப உங்களுதா?"

"அய்யய்ய, எங்களுது இல்லீங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இவங்க உங்க சாட்சிதானே வக்கீல் சார்?"

வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். எதிர் டீக்கடையில் சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சந்தோஷமாக டீ குடித்தார்கள். சின்னக்கண்ணு நைனாவைப் பார்த்து, "நல்லபடியா சொல்ட்டோம் மொதலாளி. வாய் தவறல" என்றார்.

வக்கீலுக்கு ரத்தம் கொதித்திருக்கும். ஆனால் அவர் கத்தவில்லை. முதல் தடவையாக அவர்களுக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்களுதுன்னு சொன்னா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"நான் எங்களுதுன்னு சொன்னா, கொடுத்த வாக்கைப் பொரட்டிட்டேன்னு அர்த்தங்க. நிச்சயம் முறிஞ்சிடும்" என்றார் சின்னக்கண்ணு.

"நான் சொன்னா, தாலிக்கு முன்னாடியே பொண்ண வித்துட்டான்னு ஊர்ல காறித் துப்புவாங்க" என்றார் அண்ணாமலை.

வக்கீல் நைனாவைத் திரும்பிப் பார்த்தார். "இத்த ஏன் நீ மொதல்லயே சொல்லல?"

"கவருமெண்டு ஆபீஸ்ல சொல்றது கணக்குல வராதுன்னு நெனச்சேங்க" என்றார் நைனா. பேச்சுக்காக அல்ல, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

6

ஷாவின் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அவருக்குக் கோபம். சொலிசிட்டர் என்கிற இங்கத்து வக்கீலின் செலவு அபராதத்தைத் தாண்டும் என்று எச்சரித்தார். தாண்டினால் தாண்டட்டும் என்றேன். என் கணவர் இரண்டு நாள் தானே சோறு போட்டுச் சாப்பிட்டார், மூன்றாம் நாள் தன் ஓவர்டைம் பணத்தை மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நைனா இருந்திருந்தால் அவருக்கு இந்த மருமகனை இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கும்.

நூலகத்தில் வாரம் ஒருநாள் இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. வரிசையில் நின்று, எண் வாங்கி, தவறான வரிசை என்று திருப்பி அனுப்பப்பட்டு, அடுத்த வாரம் சரியான வரிசையில் நின்றதில் மிஸஸ் பென் என்கிற சொலிசிட்டரின் முகவரி கிடைத்தது. கசாப்புக் கடைக்கு மேல்மாடியில் அவர் அலுவலகம். பருமனான பெண்மணி, வெடுக்கென்று பேசுவார். எனக்கு உடனே பிடித்துப்போனது.

என் ஆங்கிலம் கடைக்குப் போதும், வழக்குக்குப் போதாது. அதனால் சுமதியைக் கூட்டிப் போனேன். நைனாவுக்கு நான் செய்த உத்தியோகத்தை அவள் எனக்குச் செய்தாள், ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பெயர்களைச் சொல்ல மாட்டேன் என்றதும் மிஸஸ் பென் ஏன் என்றார். ஏனென்று விளக்கப் புளி மூட்டைக் கதையைச் சொன்னேன். பரியம் என்ற இடத்தில் சுமதி மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பொண்ண வெல குடுத்து வாங்கினாங்களா?" என்று முகம் சிவக்கக் கேட்டாள்.

"இங்க சர்ச்சுல அப்பன் கையப் புடிச்சி ஓசியில தள்ளி விடறானே, அது மட்டும் ஒசத்தியா? அவங்க ஊர்ல பொண்ணுக்கு மதிப்பு இருந்திச்சி. நம்ம ஊர்ல என்னைக் கட்டிக் கொடுக்க நைனாதான் சீர் கொடுத்தாரு, தெரியுமா?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கீழே கசாப்புக் கடையில் கத்திச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது.

சுமதி உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் மீதிக் கதையை ஒழுங்காக மொழிபெயர்த்தாள்.

மறுநாள் மிஸஸ் பென் கடைக்கே வந்தார். உறைகளைப் பிரித்தார். ஒவ்வொரு புடவைக்குள்ளும் தைத்த ரவிக்கை ஒன்று மடித்து இருந்தது. அதில் ஒன்றை எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்தார். அவருடைய ஒரு தோளைக்கூட அது மூடவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. சுமதி எல்லா ரவிக்கைகளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். குட்டை, நெட்டை, ஒல்லி, தடி என்று ஒன்றுபோல ஒன்று இல்லை.

விற்கிற புடவைக்கு எந்தக் கடைக்காரி வாங்குபவளின் அளவைத் தெரிந்துகொண்டு முன்கூட்டியே ரவிக்கை தைத்து வைப்பாள் என்றார் மிஸஸ் பென். நல்ல வாதம்தான். ஆனால் ரவிக்கை மட்டும் போதாது, அதைப் போட ஆள் வேண்டும் என்றும் சொன்னார்.

7

வக்கீல் தாமோதரம் மலை ஏறினார். காவலூர்வரை பஸ். வளைவுகளில் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்தி வாந்தி எடுத்தார். அதற்குமேல் நடை. வான ஆராய்ச்சி மையத்தின் வெள்ளைக் கூண்டு மரங்களுக்கு மேலே தெரிந்தபோது, "அங்க உக்காந்து நட்சத்திரத்தைப் பாக்கறவன் புத்திசாலி. மனுஷனைப் பாக்கிற தொழில்ல நான் மாட்டிக்கினேன்" என்றார். நைனா அவருடைய கோட்டைச் சுமந்தார், நான் தண்ணீர்ச் செம்பைச் சுமந்தேன்.

ஊர்க் கவுண்டர் வீட்டு முன்னால் கயிற்றுக் கட்டிலில் வக்கீலை உட்கார வைத்து, சாமைக் கூழ் கொடுத்தார்கள். இரண்டு சம்பந்திகளும் தள்ளி உட்கார்ந்தார்கள். வக்கீல் இந்த முறை யாருடையது என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு மூட்டைய இன்னா பண்ணுவீங்க?"

"பந்தல்ல கொண்டாந்து வெப்போம்" என்றார் கவுண்டர்.

"வெச்சி?"

"ரெண்டு வூட்டு ஆளும் அவங்கவங்க கயித்தத் தொட்டுப் பாப்பாங்க. அவுக்காம இருக்குதான்னு. அப்புறம் தாலி."

"தாலிக்கு முன்னாடி மூட்டையப் பிரிக்கணுமா?"

"பிரிக்க மாட்டோம். தாலி ஆனப்புறம் பொண்ணு வூட்டுக்காரங்க பிரிப்பாங்க."

"அப்ப தொட்டுப் பாத்தா போதும்."

"போதும்."

"பந்தலை மலை மேலதான் போடணும்னு இருக்குதா?"

கவுண்டர் எழுந்து போய் இன்னும் சில பெரியவர்களோடு மரத்தடியில் நின்று பேசினார். வெகுநேரம் ஆயிற்று. வக்கீல் கூழை முழுக்கக் குடித்து முடித்துவிட்டார். நைனா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார், அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. கவுண்டர் திரும்பி வந்து, "இதுவரைக்கும் கீழ எறங்கிப் போட்டதில்ல. போடக் கூடாதுன்னும் யாரும் சொன்னதில்ல" என்றார்.

வக்கீல் அதிகாரியிடம் ஒரு மனு கொடுத்தார். குறிப்பிட்ட ஒரு நாளில், அதிகாரியே நேரில் வந்து, கிடங்குக் கதவை மட்டும் திறக்க வேண்டும், மூட்டையை யாரும் பிரிக்க மாட்டார்கள். அதிகாரி அதைப் படித்துவிட்டு, என் சர்வீஸில் கல்யாணத்துக்கு இப்படி அழைப்பு வைத்தவர் நீங்கள்தான் என்றாராம்.

வைகாசியில் மலையே இறங்கி ஆலங்காயம் வந்தது. மண்டி வாசலில் ரோட்டை மறித்துப் பந்தல். மேளக்காரர்கள் விடாமல் அடித்ததில் வாணியம்பாடி பஸ் நின்று, பயணிகளும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். அதிகாரி சீலை உடைத்தார். சின்னக்கண்ணு போய்த் தன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அண்ணாமலை தன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தாலி ஏறியது. மேளம் நின்றது.

அண்ணாமலை மூட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து, அதிகாரியைப் பார்த்து, தானாகவே சொன்னார். "இப்ப எங்களுதுங்க."

"எழுதிக்கலாமா?" என்றார் அதிகாரி.

"எழுதிக்கோங்க."

நைனா கிடங்குக்குள்ளே போய் இடது பக்க அடுக்குக்குப் பின்னால் நின்று அழுதார். நான் பார்த்தேன். அம்மா அதிகாரிக்கு இலை போட்டாள். சாப்பிட்டால் லஞ்சம் என்பார்கள் என்று மறுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். பிறகு வந்த உத்தரவில் வரியும் இல்லை, அபராதமும் இல்லை. லைசென்ஸ் திரும்பி வருவதற்குள் அந்த வருஷத்து வியாபாரம் முழுக்கப் போய்விட்டது. வக்கீல் பீஸுக்கு அம்மாவின் வளையல் போனது. ஆனால் அடுத்த பங்குனியிலும் கிடங்கின் வலது பக்கம் மூட்டைகள் வந்தன.

8

விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை கடை மூடும் நேரத்தில் பெண்கள் சிலர் இருந்தார்கள். செய்தி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மிளகாய் விலையையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெண்டைக்காயை எடை போட்டபடி பொதுவாகச் சொன்னேன். "வியாழக்கிழமை பத்து மணிக்கு வரி ஆபீஸ்ல விசாரணை. நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன். என்னுதுன்னும் சொல்ல மாட்டேன். அலமாரி திறந்துதான் இருக்கு, வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்."

புடவைகளை எடுத்துப் போவதை அதிகாரிகள் தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எழுதிக்கொண்டு போனார்களே தவிர, சீல் வைக்கவில்லை. இடத்தை விட்டு எடுத்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அதை மிஸஸ் பென் அவர்களுக்கு எழுதிச் சொன்னார்.

வியாழக்கிழமை பனி பெய்தது. நானும் சுமதியும் மிஸஸ் பென்னும் ஒரு பக்கம், கடைக்கு வந்த இரண்டு அதிகாரிகளும் அவர்களுடைய மேலதிகாரியும் மறுபக்கம். பத்து மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. மிஸஸ் பென் ரவிக்கை வாதத்தைத் தொடங்கினார். ரவிக்கையை யார் வேண்டுமானாலும் தைத்து வைக்கலாமே என்றார் மேலதிகாரி. அங்கே, அந்த நாற்காலியில், ஷாவின் காகிதத்தை ஒரு நிமிஷம் நினைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற ஜெயந்தி வந்தாள், பின்னால் இன்னொருத்தி, அதற்குப் பின்னால் இன்னும் சிலர். கனத்த குளிர்காலக் கோட்டுகளில், மூக்கு சிவந்து, பஸ் கிடைக்காமல் நடந்து வந்திருந்தார்கள். ஒன்றும் பேசாமல் கோட்டுகளைக் கழற்றினார்கள்.

அந்தப் பழுப்பு அறையில் அத்தனை பட்டும் ஒரேயடியாக விரிந்தது. ரவிக்கைகள் உடம்போடு ஒட்டி நின்றன. இளைய அதிகாரி தன் காகிதத்தைப் பார்த்தார், நிமிர்ந்து ஜெயந்தியைப் பார்த்தார். "மயில் கழுத்து" என்று ஆங்கிலத்தில் அவர்தான் முதலில் சொன்னார்.

ஜெயந்தியின் கணவரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "இது எப்ப வாங்கின?" என்றார் மெதுவாக.

"உங்க அக்காவுக்குப் பணம் அனுப்பாம விட்ட வருஷம்" என்றாள் அவள். சுமதி இதையும் மொழிபெயர்க்கப் போனாள், நான் அவள் காலை மிதித்தேன்.

ஒவ்வொருத்தியும் என்னுடையது என்று தன் வாயால் சொன்னாள். காகிதத்தில் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு வரி மிஞ்சியது. நீலத்தில் வெள்ளிச் சரிகை.

"இது?" என்றார் மேலதிகாரி.

அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அவளால் வர முடியாது. ஏன் என்றும் தெரியும். "என்னுடையது இல்லை" என்றேன்.

"சொந்தக்காரர் வராவிட்டால் இதைக் கடைச் சரக்காகத்தான் எடுத்துக்கொள்ள முடியும்."

"வரியையும் அபராதத்தையும் போட்டுக்கொள்ளுங்கள், கட்டிவிடுகிறேன். என்னுடையது என்று கையெழுத்துப் போட மாட்டேன்."

"உங்களுடையது இல்லை என்றால் ஏன் கட்ட வேண்டும்?"

எனக்கு ஆங்கிலம் வரவில்லை. சுமதியைப் பார்த்தேன். அவள் என்னைக் கேட்கவே இல்லை, அவளாகவே அவருக்குப் பதில் சொன்னாள். நம்பி வைத்தவர்களுக்காக என் அம்மா கட்டுகிறாள் என்றாள். மேலதிகாரி கையெழுத்துக்கான இடத்தை வெற்றாக விட்டுக் கோப்பை மூடினார்.

அந்த ஒரு புடவைக்கு மட்டும் கட்டினேன்.

இந்தப் பத்திரிகை இங்கே ஒரு மாதம் தாமதமாக வந்து, பத்துக் கை மாறும். அன்று வர முடியாமல் போன உங்கள் கைக்கும் வரும். புடவை பின்னறை அலமாரியில் அதே உறையில் இருக்கிறது. எப்போது முடியுமோ அப்போது வாருங்கள், நான் கல்லாவில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்ப்பேன். மேலே நீலம் என்றும் வெள்ளிச் சரிகை என்றும் எழுதியிருக்கிறேன். அது நீலம் இல்லை, சரிகையும் வெள்ளி இல்லை. உங்களுக்குத் தெரியும்.